வெள்ளைச் சட்டையில் விழுந்த கோல்

எங்கள் ஊர் விளையாட்டு மன்றத் தலைவருக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. ஒரு குடியரசு தினத்தன்று, போட்டியைத் தொடங்கிவைக்கிறேன் என்று மைதானத்தின் நடுவில் வைத்த பந்தை உதைக்கப் போனார். பந்துக்கு முன்னாலிருந்த தரையை உதைத்தார். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவருடைய டிரைவர் ஓடிவந்து பந்தைக் கையில் எடுத்து நடுவரிடம் கொடுத்தார். கடத்தூரில் பாதிப் பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் செய்தியில் ‘பந்தை உதைத்துப் போட்டியைத் தொடங்கிவைத்தார்’ என்றுதான் வந்தது. அந்தச் செய்தியை எழுதிக் கொடுத்தவன் நான்.

என் பிழைப்பு என் தொண்டை. கடத்தூரிலிருந்து நல்லம்பள்ளி வரைக்கும் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கிகளில் கேட்கிற குரல்களில் பாதி என்னுடையதாக இருக்கும். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன எருமை, இன்று காலை காலமானவர், எல்லாம் நான்தான். வீட்டில் ஒரு அறையின் நான்கு பக்கமும் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, எதிரொலி வராமல் பதிவு செய்வேன். சந்தோஷத்துக்கு ஒரு குரல், சாவுக்கு ஒரு குரல் வைத்திருக்கிறேன். இரண்டிலும் எனக்குச் சம்பந்தம் கிடையாது. தலைவரின் டைல்ஸ் கடைக்கு வருஷம் முழுக்க என் குரல்தான். ஆகவே அவரைப் பற்றிய என் இளக்காரத்தை இத்தனை காலம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஆசிய விளையாட்டுப் போட்டிகள் சீனாவில் நடந்த வருஷம், விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்னால், அவர் என் வீட்டு வாசலில் கார் நிறுத்தி இறங்காமலேயே கூப்பிட்டார். அவருக்கு அம்பத்தைந்து வயதிருக்கும். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பேரூராட்சித் தலைவர் நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது ஊரறிந்த விஷயம்.

“தம்பி, ஆசியப் போட்டி ஃபுட்பால் வருதாமே. நம்மளுக்கும் சீனாவுக்கும்.”

“ஆமாங்கண்ணா. சதுர்த்திக்கு அடுத்த நாள். சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு.”

“நம்ம மண்டபத்துல பெரிய திரை கட்டிப் போடப்போறோம். சதுர்த்திக்கு எடுத்த மைக் செட்டு அப்படியே ஒரு நாளு இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ஜனத்துக்கு பிரியாணி. இந்திக்காரன் பேசறது நம்மாளுங்களுக்கு என்னாத்த புரியும். நீ மைக்க புடிச்சு தமிழ்ல சொல்லிட்டே வரணும்.”

“சரிங்கண்ணா.”

“ஜெயிச்சுருவோமில்ல?”

“கஷ்டம்ங்கண்ணா. அவங்க ஊர்ல வெளையாடறாங்க.”

“அத மைக்ல சொல்லிராத” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கால்பந்து எனக்குப் பிடித்த ஆட்டம். கல்லூரியில் இடதுபுறத் தடுப்பாட்டக்காரனாக மூன்று வருஷம் ஆடியிருக்கிறேன். ஆடியது சுமார்தான். என்னைத் தாண்டிப் போகிற பந்துகளை எல்லாம் பின்னால் நின்று பிடித்தவன் ஒருவன் இருந்ததால் என் சுமார் வெளியே தெரியவில்லை. அவன் என் வகுப்புத் தோழன். இப்போது தருமபுரி சாலையில் லாரி சீட் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். பெங்களூர் போய்த் திரும்பி, தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இடுப்பு விட்டுப்போன டிரைவர்கள் இவனைத் தேடி உள்ளே இவ்வளவு தூரம் வருவார்கள். ஆளை உட்காரவைத்து, முதுகைத் தடவிப் பார்த்து, எங்கே பஞ்சு வைக்கவேண்டும், எங்கே வைக்கக்கூடாது என்று சாக்பீஸால் கோடு போடுவான். ஊரில் எல்லோருக்கும் அவன் பாய். கோல்கீப்பராக நின்றவன் என்பதால் எனக்கு மட்டும் கோலி.

மண்டப ஏற்பாட்டைச் சொல்லலாம் என்று பட்டறைக்குப் போனபோது அவன் செய்தித்தாளை மடித்து என் முன்னால் போட்டான்.

“படிச்சியா? நம்ம டீம் முந்தின நாள் சாய்ந்தரம்தான் அங்க போயி எறங்குதாம். அடுத்த நாள் சாய்ந்தரம் மேட்ச். ஆளுங்களும் முழுசா போய்ச் சேரலையாம். கிளப்புக்காரங்க விடமாட்டேங்கறாங்களாம்.”

படித்தேன். யார் விட்டார்கள், யார் விடவில்லை, தப்பு யாருடையது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பயிற்சிக்குக்கூட நேரமில்லாமல் ஒரு நாட்டின் அணி போய் இறங்குகிறது என்பது மட்டும் தெரிந்தது.

“நம்ம ஊரு டீம் திண்டுக்கல் போன மாதிரி” என்றான் அவன். சொல்லிவிட்டு ரெக்சினை வெட்டப் போய்விட்டான்.

திண்டுக்கல் கதையைச் சொல்லாமல் இதற்கு மேல் போகமுடியாது. கல்லூரி முடித்த அடுத்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. திண்டுக்கல் பக்கத்தில் நடந்த போட்டிக்கு அழைப்பு வந்தது. இன்றைய தலைவர்தான் அன்றைக்கு எங்களுக்கு மேனேஜர். தகுதி என்னவென்றால், அவருடைய அப்பா எங்களுக்கு பனியன் எடுத்துக் கொடுத்திருந்தார். ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்து ஆடவேண்டும் என்பது திட்டம். மத்தியானம் வரவேண்டிய வேன் பொழுது சாய்ந்துதான் வந்தது. மேனேஜர் வீட்டுப் பெண்களை மேட்டூருக்குக் கூட்டிப்போய்க் காவிரியில் குளிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தது. வேன் சீட்டெல்லாம் ஈரம். முன் சீட்டில் மேனேஜரின் மச்சான் உட்கார்ந்திருந்தான், கோல்கீப்பர் பனியனைப் போட்டுக்கொண்டு.

கோலி பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். மேனேஜர் அவனிடம், “எடமில்லப்பா. அடுத்த தடவ பார்த்துக்கலாம்” என்றார். அவ்வளவுதான். மச்சான் அதுவரை ஒரு பந்தைக்கூடக் கையால் பிடித்தவனில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேனில் இருந்த ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. நான் ஜன்னல் ஓரம் இருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் எதிரே இருந்த பேக்கரியைப் பார்த்தேன். விடிகாலை போய்ச் சேர்ந்து, இட்லியை விழுங்கிவிட்டு நேராக மைதானத்தில் இறங்கினோம். ஏழு கோல் வாங்கினோம். ஒவ்வொரு கோலுக்கும் மச்சான் எங்களைத் திட்டினான்.

அந்த மேனேஜர்தான் தலைவரானார். அந்த மச்சான் மன்றத்தின் செயலாளர்.

போட்டி நாளன்று மூன்று மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். முக்கால்வாசி இடத்தில் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் மூன்று ஆட்டக்காரர்கள் கட்டைவிரல் அளவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூவரும் வேறு கண்டத்துக்காரர்கள். டிசைன் போட்டவன் இணையத்தில் கிடைத்ததை எடுத்து ஒட்டியிருக்கிறான். மேலே ‘உலகக் கோப்பை’ என்று முதலில் அச்சடித்து, பிறகு அந்த ‘உலகக் கோப்பை’ மேல் ‘ஆசியப் போட்டி’ என்று தனித்தாள் ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது.

உள்ளே, கல்யாண மேடையில் ஒரு பெரிய வெள்ளைத் திரை. அதன் மேல் விளிம்பில் இன்னொரு நீளமான பேனர். ‘நல்வரவு’ என்று ஆரம்பித்துத் தலைவரின் கடைப் பெயரில் முடிந்தது. அது திரையின் மேல்பகுதியில் ஒரு சாண் அளவுக்கு இறங்கித் தொங்கியது.

“அண்ணா, கோல் கணக்கு காட்டற எடத்த பேனர் மறைக்குதுங்க” என்று அங்கே நின்றிருந்த மச்சானிடம் சொன்னேன்.

மச்சான் அண்ணாந்து பார்த்தான். “அதான் நீ வாயில சொல்லப்போறியே” என்றான்.

நாலரைக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. சந்தைக்கு வந்தவர்கள், டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிரியாணி வாசனைக்கு வந்தவர்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். முதல் வரிசையில் சோபா போட்டிருந்தார்கள். தலைவர், செயலாளர் மச்சான், மற்றும் ஊர்ப் பெரிய மனிதர்கள் என்று தங்களைத் தாங்களே முடிவு செய்துகொண்ட சிலர் அதில் உட்கார்ந்தார்கள். கோலி கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம், பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பட்டறையை மூடிவிட்டு நேராக வந்திருக்கிறான். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஐந்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. நான் மேடையின் ஓரத்தில் நின்று பேச ஆரம்பித்தேன். “இதோ நமது வீரர்கள்” என்று என் சந்தோஷக் குரலை எடுத்துவிட்டேன். இந்தக் குரலில்தான் பாத்ரூம் டைல்ஸ் வழுக்காது என்று சொல்வேன்.

தலைவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து, வருகிறவர்களை வரவேற்கத் திரைக்கு முன்னால் குறுக்கே நடந்தார். அவருடைய தலையின் நிழல் மைதானம் முழுக்க உருண்டது. சீனா முதல் கோலைப் போட்டது. சோபாவில் இருந்த ஒருவர் கைதட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். பின்னால் பெண்கள் பக்கத்திலும் தட்டினார்கள். அது நமக்கு விழுந்த கோல் என்று நான் மைக்கில் சொன்ன பிறகு, கைதட்டியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டியது வேறு யாரோ என்பது போலத் திரும்பிப் பார்த்தார்.

சற்று நேரத்தில் சீனாவுக்குப் பெனால்டி கிடைத்தது.

“என்ன தம்பி, எல்லாரும் சும்மா நிக்கறாங்க, ஒருத்தன் மட்டும் அடிக்கறான்?” என்று தலைவர் சோபாவிலிருந்து சத்தமாகக் கேட்டார். விளையாட்டு மன்றத்துக்கு அவர் எத்தனையோ வருஷமாகத் தலைவர். நான் மைக்கில் விளக்கினேன். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நம் கோல்கீப்பர் அதைத் தடுத்துவிட்டார். முன்வரிசையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. மச்சான் போனை நோண்டிக்கொண்டிருந்தான். மண்டபத்தின் கோடியில் ஒருவன் மட்டும் எழுந்து நின்றான். அவன் கத்தவில்லை, கையைத் தட்டவில்லை. இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பந்து பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்துகொண்டான்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் நம் ஆள் வலது ஓரத்தில் பந்தோடு ஓடினார். கோல் போடவே முடியாத கோணம் என்று நான் நினைத்த இடத்திலிருந்து உதைத்தார். உள்ளே போய்விட்டது. அதற்காக நான் எந்தக் குரலையும் தயாராக வைத்திருக்கவில்லை. என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மண்டபமே எழுந்துவிட்டது. சதுர்த்திக்கு வாங்கி மிச்சமிருந்த சரவெடியை யாரோ வாசலில் கொளுத்தினார்கள். ஒன்றுக்கு ஒன்று. முந்தைய நாள் சாயங்காலம் போய் இறங்கிய ஒரு குழு, சீனாவுக்குள்ளேயே சீனாவைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அந்தச் சில நிமிஷங்களில் எனக்கு யார் மேலும் இளப்பமில்லை.

அப்புறம் இடைவேளை வந்தது. தலைவர் மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பாராட்டு விழா என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மன்றத்தின் பொருளாளருக்குச் சால்வை. பிரியாணி அண்டா கொடுத்தவருக்குச் சால்வை. மைக் செட்காரருக்குச் சால்வை. மச்சானுக்குச் சால்வை போர்த்தும்போது தலைவர், “எங்க ஊரு பழைய கோல்கீப்பர், திண்டுக்கல்லு வரைக்கும் போயி ஆடிட்டு வந்தவரு” என்றார். நான் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அதையும் போட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குள் இரண்டாம் பாதி ஆரம்பித்துவிட்டது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். போட்டோ எடுக்கவேண்டும் என்று தலைவர் எல்லோரையும் மேடையில் வரிசையாக நிற்கவைத்தார். பின்னால் திரை. ப்ரொஜக்டரின் வெளிச்சம் அவர்கள் மேலேயே விழுந்தது. பச்சை மைதானம் அவர்களுடைய வெள்ளைச் சட்டைகளில் ஓடியது. ஆட்டக்காரர்கள் ஒரு வேட்டியிலிருந்து இன்னொரு வேட்டிக்குத் தாவினார்கள்.

“சிரிங்க” என்றார் போட்டோக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சீனாவின் இரண்டாவது கோல் தலைவரின் வயிற்றில் விழுந்தது.

“என்னாச்சு தம்பி?” என்றார் மேடையை விட்டு இறங்கும்போது.

“கோல் வாங்கிட்டோம்ங்கண்ணா. ரெண்டுக்கு ஒன்னு.”

“பரவால்ல. மைக்ல ரொம்ப அழுத்திச் சொல்லாத. கூட்டம் கலைஞ்சிரும். பிரியாணி தம்மு போட இன்னும் அரை மணி நேரம் ஆவும்ங்கறாங்க. எல்லாரும் இருக்கறப்ப நான் நாலு வார்த்த பேசணும்.”

நான் அழுத்திச் சொல்லவில்லை. ‘நம் வீரர்கள் மனம் தளரவில்லை’ என்று சொன்னேன். மனம் தளர்ந்ததோ இல்லையோ, கால் தளர்ந்துவிட்டது. ஓடிப்போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு அவர்கள் அரை நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். பயணக் களைப்பு ஆட்டத்தில் எப்படித் தெரியும் என்று நேரில் பட்டவனுக்கு அது நன்றாகவே தெரிந்தது. மூன்றாவது கோல் விழுந்தது. நாலைந்து பேர் எழுந்து வாசல் பக்கம் போனார்கள். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் மேடை ஓரம் வந்து என் காதருகே குனிந்தான்.

“இனி விழுந்தா ரீப்ளேன்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போவுது.”

அவன் சோபாவுக்குத் திரும்பிப் போய் உட்காரக்கூட இல்லை, நாலாவது விழுந்தது. மூன்றாவதைப் போட்ட அதே ஆள்தான். அதே மாதிரி கைகளை விரித்துக்கொண்டு ஓடினான்.

மைக்கில் நான் சொன்னேன்: “ரசிகப் பெருமக்களே, இப்போது நீங்கள் பார்த்தது சற்றுமுன் விழுந்த கோலின் மறு ஒளிபரப்பு.”

கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னேன். கண் முகாம் எந்தப் பள்ளியில் என்று சொல்கிற அதே தெளிவோடு. வாசல் பக்கம் போனவர்கள் நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மா, “அதானே, அடிச்சதையே அடிக்கறான்” என்றார். கோல் கணக்கு பேனருக்குப் பின்னால் இருந்தது. எல்லோருக்கும் என் குரல் பழகிய குரல். அந்தக் குரல் செத்தவர் பெயரைச் சொன்னால் செத்திருப்பார். எருமை காணோம் என்றால் காணாமல்தான் போயிருக்கும். அதில் போய் யார் சந்தேகப்படுவார்கள்.

“அது நாலாவதுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோலி எழுந்து நின்றிருந்தான்.

“ரீப்ளே இல்லைங்க. நாலு விழுந்திருச்சு.”

தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணை அசைத்தார். நான் மறுபடி மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். “மறு ஒளிபரப்புதான். அமைதி காக்கவும்” என்றேன். இரண்டாவது தடவை சொன்னதற்கு எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அதை நானாகவே சொன்னேன். இதை எழுதும்போது தலைவரைவிட, மச்சானைவிட, எனக்கு அருவருப்பாக இருக்கிற ஆள் அந்த மேடையில் சால்வையோடு நின்றவன்தான்.

கோலி நடுவழியில் நடந்து வந்தான். வேகமாக வரவில்லை. மேடையில் ஏறி, மணமக்கள் உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினான். ‘நல்வரவு’ பேனரின் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்தான். தினமும் தையலும் முடிச்சுமாக இருக்கிற விரல்கள். ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிட்டது. பேனர் சரிந்து தொங்கியது. திரையின் மேல் மூலையில் கணக்கு தெரிந்தது. நாலுக்கு ஒன்று.

மச்சான்தான் முதலில் எழுந்தான்.

“பாய், எறங்குங்க. நாலுன்னு சொல்றதுல உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா? சீனா ஜெயிச்சா உங்களுக்கு என்னங்க கெடைக்குது?”

என்ன சொன்னான் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் புரிந்தது. எதற்கு ‘பாய்’ என்று தொடங்கி எதில் கொண்டுபோய் முடித்தான் என்பதும் புரிந்தது. சோபாவில் ஒருவர் தலையாட்டினார்.

கோலி நாற்காலியிலிருந்து இறங்கினான். அதை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

“நம்ம கீப்பரு பெனால்டிய புடிச்சப்போ இந்த மண்டபத்துல எழுந்து நின்னது நான் ஒருத்தன். நீங்க போன் பார்த்துட்டு இருந்தீங்க. வெளையாடறவன் நாலு வாங்கிட்டு இன்னும் ஓடிட்டு இருக்கறான். அவன் வாங்கினத இல்லைன்னு சொல்றதுக்கு நாம யாருங்க.”

அவ்வளவுதான் பேசினான். என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கிப் பழைய நாற்காலிக்குப் போய்விட்டான்.

மைக் என் கையில் இருந்தது. ‘அவன் சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய்’ என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் செய்தது, மைக்கின் பொத்தானை அணைத்ததுதான். சால்வையைக் கழற்றி ஒலிபெருக்கிப் பெட்டி மேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். இதைத் துணிச்சல் என்று யாரும் எண்ணவேண்டாம். நிற்கமுடியவில்லை, இறங்கினேன்.

தலைவர் உடனே மேடைக்கு ஏறினார். மைக்கை எப்படிப் போடுவது என்று தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டினார். மைக் செட்காரர் வந்து போட்டுக் கொடுத்தார். அங்கே ஆட்டம் இன்னும் முடியவில்லை. இவர் நாலு வார்த்தை பேச ஆரம்பித்தார்.

“நம்ம பசங்கள குத்தம் சொல்லக்கூடாதுங்க. முந்தின நாள்தான் போயி எறங்கியிருக்கறாங்க. தூக்கமில்ல, ஓய்வில்ல. நல்ல ஆளுங்கள விட்டுட்டுப் போயிருக்கறாங்க. ஏற்பாடு பண்ணவங்க சரியில்ல. வெளையாட்டப் பத்தி ஒன்னுந் தெரியாதவங்க கையில வெளையாட்ட குடுத்தா இப்படித்தாங்க ஆவும்.”

கைதட்டல் எழுந்தது. இடைவேளைக்குப் பிறகு அந்த மண்டபத்தில் விழுந்த பெரிய கைதட்டல் அதுதான். மச்சானும் தட்டினான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு இடத்தில், ஒரு சொல்லில், தன் ஞாபகம் அவருக்கு வந்துவிடாதா என்று பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். ஈர சீட்டில் உட்காரவைத்து எங்களைக் கொண்டுபோனது, பஸ் ஸ்டாண்டில் ஒருவனைப் பையோடு நிறுத்திவிட்டுப் போனது, எதுவும் அவருக்குள் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் நினைவில்லை.

அவர் பேசி முடிக்கும்போது பிரியாணி தயார் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு எழுந்து போனார்கள். கடைசி நிமிஷங்களில் ஐந்தாவது கோல் விழுந்தபோது ஏழெட்டுப் பேர்தான் உட்கார்ந்திருந்தோம். நான் கோலிக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்த விசில் கேட்டதும் அவன் எழுந்து போய்விட்டான். சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் பட்டறைக்குப் போனேன். அன்றைக்கு வங்காளதேசத்தோடு ஆட்டம். ஒரு லாரி சீட்டின் மேல் போனைச் சாய்த்துவைத்து, பார்த்துக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தான். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றேன்.

“அன்னிக்கு வேன்லயும் நான் பேசல” என்றேன்.

“தெரியும். ஜன்னலோரம் உக்காந்திருந்த.”

“கோவமில்லையா?”

“இருக்குது.” ஊசியை எடுத்து ரெக்சினில் குத்தினான். “மண்டபத்துல அவன் சீனான்னு சொன்னான் பாரு, அது எனக்கு ஒன்னுமில்ல. அவன் வாயி அப்படித்தான். நீ ரெண்டாவது தடவ சொன்ன பாரு.”

அவன் ரெக்சினின் மறுமுனையை என் பக்கம் தள்ளினான்.

“இந்த முனைய புடி. இழுத்துப் புடி. சுருக்கம் விழக்கூடாது.”

பிடித்தேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நமக்குப் பெனால்டி கிடைத்தது. இருவரும் கையை எடுக்கமுடியாமல் அந்தந்த முனையைப் பிடித்தபடியே போனைப் பார்த்தோம். கோல். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கடத்தூரில் அதற்கு மண்டபம் இல்லை, சால்வை இல்லை, சரவெடி இல்லை. ஜெயித்தது தலைவருக்குத் தெரியுமோ என்னவோ.

அன்று சாயங்காலம் தலைவரே போன் செய்தார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

“நல்லா பண்ணின தம்பி. கடைசில உடம்புக்கு முடியலையா, எறங்கிட்ட? சரி, பேப்பருக்கு ஒரு செய்தி எழுதிக் குடுத்திரு. ஆயிரக்கணக்கானோர் கண்டு ரசித்தனர்னு.”

நான் மேடையை விட்டு ஏன் இறங்கினேன் என்பதுகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை.

“என்னால முடியாதுங்கண்ணா. நீங்களே எழுதிக்கங்க” என்றேன்.

“தொண்டை சரியில்லையா?”

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டேன். அங்கேயும் முழு உண்மை வரவில்லை. செய்தியை வேறு யாரோ எழுதினார்கள். மேடைப் போட்டோவோடு வந்தது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு டைல்ஸ் கடையில் மாட்டியிருக்கிறார். உற்றுப் பார்த்தால், அவருடைய வெள்ளைச் சட்டையில் வயிற்றுக்கு நேராகச் சீன ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது மங்கலாகத் தெரியும். வருகிறவர்களிடம் அவர் அதைக் காட்டி, “ஆசியப் போட்டிய நம்ம ஊருக்கே கொண்டாந்தோம்” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நம் அணி மியான்மரோடு சமன் செய்து, தட்டுத் தடுமாறி அடுத்த சுற்றுக்குப் போனது. அங்கே சவூதி அரேபியா. அன்று மிலாது நபி விடுமுறை, பட்டறை கிடையாது. கோலி என்னை வீட்டுக்கு வரச்சொன்னான். அவன் மனைவி நெய்ச்சோறு ஆக்கியிருந்தார். முதல் பாதி முழுக்க நம் ஆட்கள் தாக்குப்பிடித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டான். அதோடு முடிந்தது.

“தோத்துட்டாங்களா?” என்று அவன் மனைவி உள்ளேயிருந்து கேட்டார்.

“தோத்துட்டாங்க” என்றான். “ஆனா முத நாளுக்கு இன்னிக்கு கால் நல்லா ஓடுது. நாலு நாள் முன்ன போயிருந்தாங்கன்னா தெரிஞ்சிருக்கும்.”

டிவியை நிறுத்திவிட்டு, மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த இலவம் பஞ்சை மழை வருவதற்குள் அள்ளவேண்டும் என்று எழுந்தான். நானும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.